மருந்தும் மரபணுவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தாளுநராக வேலை பார்க்கும் என்னிடம் மாத்திரை அட்டையை நீட்டியபடி பலரும் கேட்கும் சந்தேகம், "அவருக்குச் சரியான மருந்து எனக்கு ஏன் ஒத்துக்கொள்ளவில்லை?" என்பதுதான். அண்மைக் காலமாக மரபணுப் பரிசோதனை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். முதலில் அடிப்படையானவை வரும். சிக்கலானவை போகப்போக வரும்.

ஒரே மாத்திரை, ஒரே அளவு. அவருக்கு உடனே கேட்கிறது, எனக்கு மட்டும் ஏன் கேட்பதில்லை?

காரணங்கள் பல. வயது, உடல் எடை, கல்லீரலும் சிறுநீரகமும் வேலை செய்யும் விதம், கூடவே உட்கொள்ளும் வேறு மருந்துகள், வேளை தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டோமா என்பது, சில சமயம் நோயே வேறாக இருப்பது என எல்லாம் இதில் அடங்கும். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் இருவருக்கிடையே எஞ்சி நிற்கும் வேறுபாட்டில் ஒரு பகுதிக்கு மரபணு காரணமாகிறது.

அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்பது மருந்துக்கு மருந்து மாறும். சில மருந்துகளில் உயிருக்கு ஆபத்து வருமா வராதா என்பதையே ஒற்றை மரபணு தீர்மானிக்கிறது. பல மருந்துகளில் அதன் பங்கு பொருட்படுத்தும் அளவுக்கு இல்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் எளிதில் விளங்கும்.

பரம்பரையாக வருவது கண் நிறம், உயரம், அவ்வளவுதானே? மாத்திரைக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு?

நாம் விழுங்கும் மருந்து இரத்தத்தில் கலந்து, தன் வேலையைச் செய்து, உருமாறி, வெளியேறுகிறது. இந்தப் பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஏதோவொரு புரதம் அதைக் கையாள்கிறது. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு மரபணுவில் இருக்கிறது. குறிப்பில் ஓர் எழுத்து மாறினால் புரதம் மந்தமாகலாம், முற்றிலும் செயலிழக்கலாம், அல்லது மரபணுவே இரட்டித்திருந்தால் தேவைக்கு மேல் உண்டாகலாம்.

இவற்றுள் அதிகம் ஆராயப்பட்டவை கல்லீரலில் உள்ள நொதிகள். சிஒய்பி2டி6 என்ற ஒரே நொதி, பரவலாகப் பயன்படும் மருந்துகளில் ஏறக்குறைய நான்கில் அல்லது ஐந்தில் ஒரு பங்கைக் கையாள்கிறது. ஒரு தொட்டியில் நீர் விழும் வேகம் மாறாதிருக்க, வெளியேறும் குழாய் மட்டும் அடைபட்டால் நீர்மட்டம் என்ன ஆகுமோ, அதுதான் இந்த நொதி மந்தமாக உள்ளவரின் இரத்தத்தில் மருந்துக்கும் ஆகிறது. நொதிகள் தவிர, மருந்தைச் செல்லுக்குள் கொண்டுசேர்க்கும் கடத்திப் புரதங்கள், மருந்து சென்று பற்றிக்கொள்ளும் இலக்குப் புரதங்கள், நோயெதிர்ப்பு மண்டலத்தின் அடையாளப் புரதங்கள் ஆகியவற்றிலும் இத்தகைய வேறுபாடுகள் உண்டு.

இதெல்லாம் மனித மரபணு வரைபடம் வந்த பிறகு கண்டுபிடித்ததுதானே?

இல்லை, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே தொடங்கியது. 1950களில் காசநோய்க்கு ஐசோநியாசிட் கொடுத்தபோது, சிலருக்கு மட்டும் கைகால்களில் எரிச்சலும் மரமரப்பும் வந்தன. அவர்களின் உடல் அந்த மருந்தை மெதுவாகச் சிதைக்கிறது என்பதும், அந்த மந்தம் குடும்பவழி வருகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. மலேரியா மருந்தான ப்ரைமாகுயினைச் சாப்பிட்ட சிலருக்குச் சிவப்பணுக்கள் உடைவதற்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடே காரணம் என்று 1956இல் கண்டறிந்தார்கள். இத்துறைக்கு 1959இல் 'ஃபார்மகோஜெனெடிக்ஸ்' (மருந்துமரபியல்) என்று பெயர் சூட்டியவர் ஜெர்மானிய மரபியலாளர் ஃப்ரீட்ரிக் ஃபோகெல்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது டெப்ரிசோகுயின் நிகழ்வு. 1970களில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆய்வாளர், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அந்த மருந்தைத் தம் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து தாமும் உட்கொண்டார். மற்றவர்கள் பெரிய பாதிப்பின்றி நடமாட, அவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் சரிந்து எழுந்து நிற்கவே முடியாமல் போயிற்று. தமக்கு நேர்ந்ததைத் தற்செயல் என்று விட்டுவிடாமல் அவர் துருவிப் பார்த்ததால்தான், 1977இல் வெளியான ஆய்வில், அந்த மருந்தைச் சிதைக்கும் திறன் பரம்பரையாக அமைவது என்று நிறுவ முடிந்தது. அங்கே மந்தமாக இருந்தது மேலே சொன்ன அதே சிஒய்பி2டி6 நொதிதான்.

மருந்தை மெதுவாகச் சிதைப்பவருக்குத்தானே ஆபத்து? வேகமாகச் சிதைத்தால் நல்லதுதானே?

அப்படிப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. உட்கொள்ளும் பொருளே வேலை செய்யும் மருந்தா, அல்லது உடலுக்குள் உருமாறிய பின்தான் வேலை செய்யும் மருந்தா என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும். வலிக்கும் இருமலுக்கும் தரப்படும் கோடீன் இரண்டாவது வகை. அதன் ஒரு சிறு பகுதியை சிஒய்பி2டி6 மார்பினாக மாற்றினால்தான் வலி குறையும். நொதி வேலை செய்யாதவர் எத்தனை முறை கோடீன் எடுத்தாலும் வலி தீராது. வலி தீரவில்லை என்று அவர் சொல்லும்போது அவரை நம்பாமல் பார்ப்பது பெரிய அநியாயம்.

மறுபுறம், இந்த மரபணு இரட்டித்திருப்பவரின் உடலில் வழக்கமான அளவு கோடீனே அளவுக்கு மீறிய மார்பினாகி மூச்சை மந்தப்படுத்தும். தொண்டைச் சதை (டான்சில்) அறுவை சிகிச்சைக்குப் பின் கோடீன் கொடுக்கப்பட்ட குழந்தைகள் சிலர் இறந்ததை அடுத்து, அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல், 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாது என்றே அறிவித்தது. பெரியவர்களுக்கு எழுதித் தந்த கோடீன் மருந்து வீட்டில் மீதமிருந்தால், அதைக் குழந்தைக்குச் சிறிதளவுகூட ஊற்றிக் கொடுக்காதீர்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவருக்கு, இரத்தம் உறையாமல் இருக்கக் குளோபிடோக்ரல் கொடுக்கிறார்கள். அது சிலருக்கு வேலையே செய்யாது என்கிறார்களே?

குளோபிடோக்ரலும் கோடீனைப் போலவே உடலுக்குள் உருமாறிய பின் வேலை செய்வதுதான். இங்கே உருமாற்றுவது சிஒய்பி2சி19 என்ற நொதி. அதன் மரபணுவில் தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று என வரும் இரண்டு பிரதிகளும் செயலிழந்தவர்களுக்கு மருந்தின் பயன் வெகுவாகக் குறைகிறது, ஸ்டென்டில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. 2010 முதல் அமெரிக்காவில் இந்த மருந்தின் உறையில் இதுகுறித்த கட்டமிட்ட எச்சரிக்கை இடம்பெறுகிறது. செயலிழந்த பிரதிகள் ஐரோப்பியரைவிட ஆசியரிடையே அதிகம் காணப்படுகின்றன. இந்த நொதியைச் சாராத ப்ராசுக்ரல், டைகாக்ரலோர் போன்ற மாற்றுகள் இருப்பதால், தெரிந்துகொள்வதில் உண்மையான பயன் இருக்கிறது.

இதே நொதி மந்தமாக இருப்பது வயிற்றுப் புண்ணுக்குத் தரும் ஒமெப்ரசோலுக்குச் சாதகமாக அமைகிறது, ஏனெனில் அந்த மருந்து இரத்தத்தில் நீண்ட நேரம் தங்கி அமிலத்தை நன்றாகக் கட்டுப்படுத்துகிறது. "என் மரபணு மோசமானதா?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: எந்த மருந்துக்கு என்று சொல்லாமல் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

மருந்து அலர்ஜியும் இதுவும் ஒன்றா?

ஒரு பகுதி ஒன்று. மேலே கண்டவை எல்லாம் மருந்தின் அளவு கூடுவது, குறைவது பற்றியவை. அளவைச் சரிசெய்தாலோ மருந்தை மாற்றினாலோ சிக்கல் தீரும். இன்னொரு வகையில், மருந்து மிகக் குறைந்த அளவில் இருந்தாலும் நோயெதிர்ப்பு மண்டலம் அதை எதிரியாகக் கருதிச் சொந்த உடலையே தாக்கத் தொடங்குகிறது. இதில் பங்கு வகிப்பவை எச்எல்ஏ எனப்படும் அடையாளப் புரதங்கள்.

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் தரும் கார்பமசெபைன் இதற்குத் தெளிவான உதாரணம். அரிதாகச் சிலருக்கு அது ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்க்குறி என்ற கொடிய பாதிப்பை உண்டாக்கும். முதலில் காய்ச்சல், தொண்டை வலி, கண் எரிச்சல். பிறகு வாயிலும் உதட்டிலும் புண். அதன்பின் உடலெங்கும் கருஞ்சிவப்புத் திட்டுகள் தோன்றிக் கொப்புளமாகித் தோல் உரியத் தொடங்கும். தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் போலவே இருப்பதால் பலர் மாத்திரையைத் தொடர்ந்துவிடுகிறார்கள். புதிய மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில், காய்ச்சலோடு வாய்ப்புண்ணும் தோல் தடிப்பும் சேர்ந்து வந்தால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2004இல் தைவான் ஆய்வாளர்கள், கார்பமசெபைனால் இந்தப் பாதிப்பு வந்த 44 பேரையும் சோதித்தபோது, 44 பேரிடமும் எச்எல்ஏ-பி*15:02 என்ற வடிவம் இருந்தது; அதே மருந்தைத் தாங்கிக்கொண்ட 101 பேரில் 3 பேரிடம் மட்டுமே அது இருந்தது. கீல்வாதத்துக்குத் தரும் ஆலோபியூரினாலுக்கு எச்எல்ஏ-பி*58:01 வடிவத்தோடும், எச்ஐவி மருந்தான அபாகாவிருக்கு எச்எல்ஏ-பி*57:01 வடிவத்தோடும் இதே போன்ற தொடர்பு உண்டு.

அப்படியென்றால் அந்த வடிவம் இருந்தால் கட்டாயம் பாதிப்பு வருமா? இல்லையென்றால் தைரியமாகச் சாப்பிடலாமா?

இரண்டுமே இல்லை. எச்எல்ஏ-பி*15:02 உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் கார்பமசெபைனால் அந்தக் கொடிய பாதிப்பு வருவதில்லை. ஆனால் யாருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லாததாலும், வந்தால் உயிருக்கே உலை என்பதாலும், வேறு மருந்து இருக்கும்போது துணிந்து இதைக் கொடுப்பதில்லை. அந்த வடிவம் இல்லாதவர்களுக்கும் வேறு காரணங்களால் தோல் பாதிப்பு வரலாம். எச்எல்ஏ-ஏ*31:01 போன்ற பிற வடிவங்களும் இதில் தொடர்புடையவை. ஆகவே பரிசோதனை செய்தவரும் மேலே சொன்ன அறிகுறிகளைக் கவனித்தே ஆக வேண்டும்.

அபாகாவிரில் நிலைமை இன்னும் தெளிவு. 2008இல் வெளியான, 19 நாடுகளில் ஏறக்குறைய 2,000 பேரிடம் நடந்த ஆய்வில், முன்பே சோதித்துத் தேர்ந்து மருந்து பெற்ற குழுவில் தோல்சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ஒவ்வாமை ஒருவருக்குக்கூட வரவில்லை. சோதிக்காத குழுவில் 2.7 விழுக்காட்டினருக்கு வந்தது. ஒரு பரிசோதனை இவ்வளவு துல்லியமாகப் பயன் தருவது மருத்துவத்திலேயே அரிது.

எல்லா மருந்துக்கும் முன்பே மரபணுப் பரிசோதனை செய்துவிட்டால் நல்லதில்லையா? எதற்கு அவசியம்?

எல்லாவற்றுக்கும் தேவையில்லை. தவறினால் உயிர்ச்சேதம், மாற்று அல்லது அளவுக் குறைப்பு சாத்தியம், பரிசோதனை நம்பகமானது என்ற மூன்றும் பொருந்தும் இடங்களில் கேட்டே ஆக வேண்டும் என்பது என் கருத்து. அபாகாவிர் ஒன்று. புற்றுநோய்க்குத் தரும் ஃபுளூரோயுராசில், கேப்சிடபின் இன்னொன்று: அவற்றைச் சிதைக்கும் டிபிடி நொதி முற்றிலும் இல்லாதவருக்கு வழக்கமான முதல் சுற்றே உயிரைப் பறிக்கலாம், 2020இல் ஐரோப்பிய மருந்து முகமை, சிகிச்சைக்கு முன் இதைச் சோதிக்கப் பரிந்துரைத்தது. இந்தப் பரிசோதனையைப் பற்றிச் சொல்லப்படாமலேயே சிகிச்சை தொடங்கும் நோயாளிகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. வீட்டில் யாருக்காவது இந்த மருந்துகள் எழுதப்பட்டால், "டிபிடி சோதனை பார்த்தாயிற்றா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

இரத்தப் புற்றுக்கும் குடல் அழற்சிக்கும் தரும் மெர்காப்டோப்யூரின், அசாதயோப்ரின் ஆகியவற்றுக்கு டிபிஎம்டி, என்யூடிடி15 என்ற இரண்டு மரபணுக்களைப் பார்க்க வேண்டும். டிபிஎம்டி முற்றிலும் செயலிழந்தவர் ஐரோப்பிய வம்சாவளியில் சுமார் 300இல் ஒருவர். அவர்களுக்கு வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்கே எலும்பு மஜ்ஜையைக் காக்கும். ஆசியர்களிடம் முக்கியமானது என்யூடிடி15. அதைக் கொரிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிடும் வரை, டிபிஎம்டி இயல்பாக இருந்தும் வெள்ளணுக்கள் சரிந்தது ஏன் என்பது விளங்காமலே இருந்தது. ப்ரைமாகுயினுக்கு முன் ஜி6பிடி சோதனையும் இந்த வரிசையில் சேரும்.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினுக்கு, அடிக்கடி இரத்தம் எடுத்து ஐஎன்ஆர் (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தின் அளவு) பார்க்கிறார்களே, பிறகு மரபணு எதற்கு?

நியாயமான கேள்வி. வார்ஃபரினைச் சிதைக்கும் சிஒய்பி2சி9, அதன் இலக்கான விகேஓஆர்சி1 என்ற இரண்டு மரபணுக்களும் தேவைப்படும் அளவைப் பெரிதும் மாற்றுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் 2013இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், ஐரோப்பாவில் நடந்தது மரபணு வழி அளவு நிர்ணயத்தால் பயன் உண்டு என்றது. அமெரிக்காவில் நடந்தது பயன் இல்லை என்றது. அமெரிக்க ஆய்வில் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு முடிவு இன்னும் பின்தங்கியது. அவர்களிடம் பொதுவாகக் காணப்படும் மாற்றங்களை அந்தக் கணக்கீடு சேர்த்துக்கொள்ளவில்லை. மரபணு தெரிந்தால் முதல் சில வாரங்களுக்கு உதவியாக இருக்கலாம். ஐஎன்ஆர் பார்ப்பதற்கு அது மாற்றல்ல.

ஒருவர் எந்த இனத்தவர், எந்த நாட்டவர் என்று பார்த்தே சொல்லிவிடலாமே?

அது தோராயம், தோராயத்தை நம்பி ஒரு தனிமனிதருக்கு மருந்து கொடுப்பது சரியன்று. எச்எல்ஏ-பி*15:02 ஹான் சீனர், தாய்லாந்தினர், மலாய் மக்களிடம் கணிசமாக உண்டு. ஜப்பானியரிடமும் கொரியரிடமும் மிக அரிது. "ஆசியர்" என்று ஒரே சொல்லில் அடக்கினால் இந்த வேறுபாடு மறைந்துவிடும். வார்ஃபரின் ஆய்வில் நடந்ததும் இதன் மறுபக்கமே: ஒரு மக்கள்தொகையில் கிடைத்த தகவலை எல்லோருக்கும் பொருத்தியது. ஒரு மாற்றம் எங்கே அதிகம் என்ற தகவல், யாரைச் சோதிக்க வேண்டும் என்று முடிவெடுக்கப் பயன்படும், சோதனைக்குப் பதிலாகாது.

அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து எனக்கும் ஒத்துக்கொள்ளாதா?

எந்த மரபணு என்பதைப் பொறுத்தது. கல்லீரல் நொதிகளில் ஒரு பிரதி தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த இருவர் அதே இரண்டு பிரதிகளையும் பெற்றிருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஜி6பிடி மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் குறைபாடு ஆண்களிடம் அதிகம் வெளிப்படுகிறது. ஜென்டாமைசின் போன்ற ஊசிகளால் காது கேளாமல் போவதற்குக் காரணமான ஒரு மாற்றம் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளது. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வரும். தாய்வழி உறவினர் யாருக்காவது ஊசிக்குப் பின் காது மந்தமானதாகச் சொல்லியிருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவியுங்கள்.

மயக்க மருந்து விஷயத்தில் குடும்ப வரலாறு மிக முக்கியம். சக்சினைல்கோலின் சில நிமிடங்களே தசைகளைத் தளர்த்தி வைக்கும் மருந்து. அதைச் சிதைக்கும் நொதி குறைந்தவருக்கு அதே தளர்ச்சி மணிக்கணக்கில் நீடிக்கும், அதுவரை செயற்கைச் சுவாசம் தேவைப்படும். சில மயக்க வாயுக்களால் உடல் வெப்பம் அபாயகரமாக ஏறும் நிலையோ ஒரே ஒரு மாறிய பிரதியாலேயே வரக்கூடியது. "சித்தப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து வெகுநேரம் நினைவு திரும்பவில்லை" என்ற வீட்டுப் பேச்சு, மயக்கவியல் மருத்துவருக்கு மதிப்புமிக்க தகவல்.

பரிசோதனையை ஒருமுறை செய்தால் போதுமா? "நார்மல்" என்று வந்தால் நிம்மதிதானே?

இரத்தமோ உமிழ்நீரோ போதும்; பிறப்பில் பெற்ற மரபணு மாறாததால் முடிவு ஆயுளுக்கும் செல்லும். ஆனால் ஆய்வகம் தேடிப் பார்த்த மாற்றங்கள் மட்டுமே அறிக்கையில் வரும். தேடியவை எதுவும் கிடைக்காவிட்டால் "இயல்பு" என்று அச்சாகும்; தேடாத அரிய மாற்றம் இருந்தால் அது தெரியாது. என்யூடிடி15 பற்றிச் சொன்னதை நினைவுகூருங்கள். எந்தெந்த மாற்றங்கள் சோதிக்கப்பட்டன என்ற பக்கத்தையும் சேர்த்தே அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள்.

மரபணுவைப் பார்க்காமல் நொதியின் செயலை அளக்கும் சோதனைகளில் வேறொரு பொறி உண்டு. சிவப்பணுக்கள் உடைந்துகொண்டிருக்கும் வேளையில் ஜி6பிடி அளந்தால், குறைபாடுள்ள பழைய அணுக்கள் அழிந்து புதியவை மட்டும் எஞ்சியிருப்பதால் முடிவு இயல்பு போலத் தோன்றலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியிருந்தாலும் இதே குழப்பம் நேரும்.

அறிக்கையில் இயல்பு, ஆனாலும் மருந்து வேலை செய்யவில்லை. அறிக்கை தவறா?

தவறாக இருக்க வேண்டியதில்லை. மரபணு இயல்பாக இருந்தும், கூடவே உட்கொள்ளும் மருந்து நொதியைக் கட்டிப்போடலாம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், ஃபுளூவாக்ஸெடின் ஆகியவை சிஒய்பி2டி6 நொதியை வலுவாகத் தடுப்பவை. அவற்றை எடுப்பவர், மரபணு எப்படியிருந்தாலும், அந்த நாட்களில் மெதுவாகச் சிதைப்பவராகவே நடந்துகொள்வார். மார்பகப் புற்றுக்கான டமாக்ஸிஃபென் இதே நொதியால்தான் வீரியம் பெறுகிறது என்பதால், இரண்டையும் சேர்த்து எழுதும்போது மிகுந்த கவனம் தேவை. மறுபுறம் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் பல நொதிகளை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை விரைவில் வெளியேற்றிவிடும். அறிக்கையோடு, இப்போது சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலும் இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

மனச்சோர்வுக்கு எந்த மாத்திரை பொருந்தும் என்று மரபணு அறிக்கையே சொல்லிவிடும் என்கிறார்களே?

அந்த அளவுக்குச் சான்று இல்லை. எஸ்சிட்டலோப்ராம், அமிட்ரிப்டிலின் போன்ற சிலவற்றின் அளவைத் தீர்மானிக்க சிஒய்பி2சி19, சிஒய்பி2டி6 விவரங்கள் உதவும். அதற்கு முறையான வழிகாட்டுதல்களும் உண்டு. ஆனால் எந்த மாத்திரை உங்கள் மனத்தைத் தேற்றும் என்பதை எந்த மரபணுவும் உறுதியாகச் சொல்வதில்லை. 2018இல் அமெரிக்க மருந்து நிர்வாகமே இத்தகைய வாக்குறுதிகளைக் குறித்து எச்சரித்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வண்ணமிட்ட அறிக்கையைக் கண்டு, நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் மாத்திரையைக் கைவிட்டு மீண்டும் துயரத்தில் விழுவது நேரக்கூடாத ஒன்று. சிவப்பில் இருந்தாலும், உங்களுக்கு நலம் தரும் மருந்தை மருத்துவரிடம் பேசாமல் நிறுத்தாதீர்கள். சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவதே புதிய தொல்லைகளைக் கொண்டுவரும்.

புற்றுநோய்க் கட்டியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதுவும் இதுவும் ஒன்றா?

வேறு. கட்டியில் பார்ப்பது அந்தக் கட்டி வளரும்போது புதிதாக ஏற்பட்ட மாற்றங்களை; அவை எந்த மருந்து கட்டியைத் தாக்கும் என்று சொல்லும், பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் செல்லாது. டிபிடி போன்றவை பிறவியிலேயே உடல் முழுதும் உள்ளவை. அவை மருந்தை உடல் தாங்குமா என்று சொல்லும். ஒருவருக்கு இரண்டு சோதனைகளும் தேவைப்படலாம்; ஒன்று செய்தாயிற்று என்பதால் மற்றதும் ஆயிற்று என்று எண்ணிவிடக் கூடாது.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்தவருக்குப் பழைய அறிக்கை செல்லுமா? எலும்பு மஜ்ஜை மாற்றினால்?

கல்லீரல் மாற்றியவருக்குக் கல்லீரல் நொதிகள் கொடையாளரின் மரபணுப்படியே இயங்கும். குடல், சிறுநீரகம், மற்றத் திசுக்கள் அவருடையவையாகவே இருக்கும். உறுப்பு நிராகரிப்பைத் தடுக்கும் டக்ரோலிமஸை சிஒய்பி3ஏ5 நொதி குடலிலும் கல்லீரலிலும் சிதைப்பதால், அவருக்கு எவ்வளவு தேவை என்பதை இருவரின் மரபணுவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. நடைமுறையில் இரத்தத்தில் மருந்தின் அளவை அளந்து அளந்து சரிசெய்வதே வழி.

எலும்பு மஜ்ஜை மாற்றத்தில் நிலைமை நேரெதிர். கல்லீரல் நோயாளியுடையதே; ஆனால் இரத்தத்தில் ஓடும் வெள்ளணுக்கள் கொடையாளருடையவை. எனவே மாற்றத்துக்குப் பின் இரத்தம் எடுத்துச் சோதித்தால் கொடையாளரின் மரபணுவே அறிக்கையில் வரும். உமிழ்நீரிலும் வெள்ளணுக்கள் கலந்திருப்பதால் அதுவும் நம்பத்தக்கதன்று. மாற்றத்துக்கு முன் எடுத்த அறிக்கை இருந்தால் கல்லீரல் நொதிகளுக்கு அதையே பயன்படுத்த வேண்டும். இல்லையெனில் தோல் போன்ற வேறு திசுவிலிருந்து மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். மாதிரி கொடுக்கும்போதே, மாற்று சிகிச்சை நடந்திருப்பதை ஆய்வகப் படிவத்தில் எழுதச் சொல்லுங்கள். அதைத் தாமாகக் கேட்காத ஆய்வகங்களும் இருக்கின்றன.